விதையைக் கெடுப்பது எது? சோயா மொச்சையின் விதைவழிப் பூஞ்சாணங்கள் குறித்த ஓர் ஆராய்ச்சி

முளைக்கத் தவறிய விதையொன்றை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அதன்மேல் பூஞ்சாணம் படர்ந்திருப்பதைக் காணலாம். அப்பூஞ்சாணமே விதையின் உயிரைப் போக்கியதா, அல்லது மழையாலோ வெப்பத்தாலோ அடிபட்டதாலோ முன்பே ஜீவசக்தி குன்றிப்போன விதையில் அது பின்னர் வந்து குடிபுகுந்ததா என்னும் வினா, பயிர்நோய்ச் சாஸ்திரம் தோன்றிய நாள்தொட்டு அதனைப் பின்தொடர்ந்து வருகிறது. கோதுமையின் கரிப்பூட்டை போன்ற சில நோய்களில் இதற்குத் திட்டமான விடை கிடைத்து நெடுங்காலமாயிற்று. சோயா மொச்சையிலோ, ஏறத்தாழ நூறாண்டுகளாகப் பல தேசங்களில் ஆராய்ச்சி நடந்தும், அறிஞர்களின் அபிப்பிராயங்கள் இன்னும் ஒருமுகப்படவில்லை.

இது ஆய்வுக்கூடத்துக்குள் அடங்கிவிடும் விவாதமன்று. விதையைக் கெடுப்பது பூஞ்சாணமே என்று கொண்டால், விதை நேர்த்தி செய்வதும் எதிர்ப்புத் திறனுடைய ரகங்களைத் தேடுவதும் முதற்கடமையாகும். வானிலையும் சேமிப்பு முறையுமே என்று கொண்டால், அறுவடைக் காலத்தையும் உலர்த்தும் முறையையும் களஞ்சியத்தையும் சீர்திருத்துவது முதன்மை பெறும். எந்த விதைக் குவியல் விற்பனைக்கு உரியது, எது தள்ளத்தக்கது என்னும் தீர்ப்பும் இவ்விடையையே சார்ந்து நிற்கிறது. அத்தீர்ப்புத் தவறுமாயின், அதன் நஷ்டம் விதையை விலைகொடுத்து வாங்கி, முதல் மழையை நம்பி விதைக்கும் உழவன் தலையிலேயே விழுகிறது.

வினாவின் பூர்வ சரித்திரம்

1755இல் பிரெஞ்சு நாட்டவரான மாத்யூ டில்லே, கோதுமையின் துர்நாற்றக் கரிப்பூட்டை நோயைப் பற்றித் தாம் செய்த வயற்பரிசோதனைகளின் முடிவை வெளியிட்டார். நோயுற்ற கதிரின் கருந்தூளை நல்ல விதைமேல் பூசி விதைத்தால் நோய் மிகுதியாகத் தோன்றுகிறது என்றும், உப்பும் சுண்ணாம்பும் கலந்து விதையை நேர்த்தி செய்தால் அது குறைகிறது என்றும் அவர் நிரூபித்தார். எனினும் அத்தூள் உயிருள்ளது என்று அவர் கருதவில்லை, ஒருவகை நஞ்சு என்றே எண்ணினார். 1807இல் பெனெடிக்ட் பிரேவோ அத்தூளின் துகள்கள் நீரில் முளைப்பதை நுண்ணோக்கி வழியே கண்டு, அவை ஒரு பூஞ்சாணத்தின் வித்துக்களே என்றும், செம்பின் உப்புக்கள் அம்முளைப்பைத் தடுக்கின்றன என்றும் அறிவித்தார். அக்காலத்து அறிஞர் பெரும்பாலார் அதனை ஏற்கவில்லை. செடியின் உடலிலுள்ள சாறுகள் கெட்டு, அக்கேட்டிலிருந்தே பூஞ்சாணம் பிறக்கிறது என்பதே அவர்கள் கொள்கை. 1833இல் ஃபிரான்ஸ் உங்கர் எழுதிய நூலும் அதனையே வலியுறுத்திற்று. 1853இல் அன்டன் டி பாரி கரிப்பூட்டைப் பூஞ்சாணங்களின் வாழ்க்கை முறையை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே, பூஞ்சாணம் நோயின் விளைவன்று, காரணமே என்னும் கருத்து நிலைபெறத் தொடங்கிற்று.

அவ்வெற்றி எவ்வளவு பெரியதோ அவ்வளவு அழுத்தமான ஒரு மனப்பழக்கத்தையும் அது விட்டுச் சென்றது. கெட்ட விதையில் பூஞ்சாணம் தென்பட்டால் அதுவே குற்றவாளி என்று கொள்ளும் பழக்கமே அது. 1869இல் ஃபிரீட்ரிக் நோபே சாக்சனியிலுள்ள தாரண்ட் நகரில் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தை நிறுவியபோது, விதையின் தூய்மையும் முளைப்புத் திறனுமே அளக்கப்பட்டன. 1938இல் நெதர்லாந்து அம்மையாரான லூசி டோயர் விதைவழி நோய்களைக் கண்டறிதற்குரிய கையேட்டை வெளியிட்டார். 1967இல் கோபன்ஹேகனில் வளரும் நாடுகளுக்கென ஒரு விதைநோய் ஆய்வகம் அமைந்து, இந்தியா முதலிய தேசங்களிலிருந்து சென்ற பலருக்குப் பயிற்சியளித்தது. அதன் தலைவர் பால் நீர்கோர் 1977இல் எழுதிய விதைநோய் நூல் இத்துறைக்கு ஆதார நூலாயிற்று. ஈரமான வடிதாள்மேல் 400 விதைகளைப் பரப்பி, ஏழு நாள் வைத்து, அவற்றில் முளைத்தெழும் பூஞ்சாணங்களை எண்ணும் முறை உலகெங்கும் பரவியது இக்காலத்திலேதான். அம்முறை எத்தனை விதைகளில் எந்தப் பூஞ்சாணம் உள்ளது என்பதைக் காட்டும். அது என்ன தீங்கு செய்தது என்பதைக் காட்டாது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே சோயா மொச்சை ஆராய்ச்சியின் கஷ்டங்கள் பலவற்றுக்கும் இருப்பிடம்.

சோயா விதையின் சுபாவம்

ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு புரதமும் இருபது பங்கு எண்ணெயும் கொண்ட சோயா விதை, உணவாகும்போது செல்வமாயினும், விதையாக இருக்கும்போது மிகவும் மென்மையான பொருளாகும். அதன் உறை மெல்லியது. முளைவேர் அவ்வுறைக்குச் சற்றே உள்ளாக, பாதுகாப்பின்றி, ஓரத்தில் படுத்திருக்கிறது. கதிரடிக்கும் இயந்திரத்தின் வேகம் சிறிது மிகினும், மூட்டை உயரத்திலிருந்து விழினும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்கள் உண்டாகின்றன. உலர்ந்த விதை விரைந்து நீருறிஞ்சும்போது விதையிலைகளின் சவ்வுகள் சிதைந்து, சர்க்கரையும் உப்புக்களும் வெளியே கசிகின்றன. மண்ணிலுள்ள பித்தியம் முதலிய அழுகல் உயிரிகளை விதையின்பால் இழுப்பது அக்கசிவே. இந்தியாவில் சான்று பெற்ற சோயா விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 விழுக்காடு என விதிக்கப்பட்டிருப்பது இப்பயிரின் இச்சுபாவத்தை உணர்ந்து வகுத்த அளவு போலும்.

பூஞ்சாணமே காரணம் என்னும் கட்சி

இக்கட்சியின் வலிமையான சாட்சி ஃபோமாப்சிஸ் என்னும் பூஞ்சாணக் குழுவாகும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1920களில் காய், தண்டுக் கருகலைப் பற்றி நடந்த ஆராய்ச்சியோடு தொடங்கிய இக்கதை, 1985இல் விதையழுகலுக்குப் பிரதான காரணமான இனம் ஃபோமாப்சிஸ் லாங்கிகோல்லா எனத் தனியே வேறுபடுத்தப்பட்டதும் ஒரு தெளிவை அடைந்தது. இப்பொழுது அது டயபார்த்தே லாங்கிகோல்லா எனப்படுகிறது. இப்பூஞ்சாணம் கடுமையாகப் பற்றிய விதை சுருங்கி, நீண்டு, வெடித்து, சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருக்கும். எடையும் அடர்த்தியும் குறையும். அதிலிருந்து பெறும் எண்ணெயும் மாவும் தரம் தாழும். முளைத்தாலும் விதையிலைகளிலும் அவற்றின் கீழ்த்தண்டிலும் செம்பழுப்புக் கோடுகள் ஓடி, வேர் குறுகி, செடி நலிந்து நிற்கும். இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சின்கிளேரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1970களில் செய்த ஆராய்ச்சிகள், பூஞ்சாண இழைகள் விதையுறையின் அடுக்குகளில் பரவுவதையும், தொற்று முற்றிய விதைகளில் உள்ளே விதையிலை வரை ஊடுருவுவதையும் எடுத்துக் காட்டின. நேர்த்தி செய்த விதை நன்கு முளைத்து, அதே குவியலில் நேர்த்தி செய்யாத விதை அழுகுமாயின், காரிய காரண சம்பந்தம் இங்கு உண்டென்பதை மறுப்பது அரிது.

இதே கட்சிக்கு உதவ வந்த மற்றொரு சாட்சி, விசாரணையில் தடுமாறுகிறது. விதையில் ஊதாக்கறையை உண்டாக்கும் செர்கோஸ்போரா கிகுச்சி என்னும் பூஞ்சாணம் கொரியாவில் 1921இல் முதன்முதல் பதிவாகி, 1925இல் விரிவாக வருணிக்கப்பட்டது. அதன் நஞ்சாகிய செர்கோஸ்போரின் 1957இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஒளி பட்டால் மட்டும் வீரியங்கொண்டு, உயிரணுக்களின் சவ்வுகளைச் சிதைக்கும் விசித்திரமான நஞ்சு அது. கறை கண்ணுக்கு உடனே தெரிவதால் வியாபாரிகள் இவ்விதையை வெறுத்து விலை குறைக்கின்றனர். ஆனால் கறை மிக்க விதை முளைப்பில் பின்தங்குகிறது என்று சிலரும், கறையற்ற விதைக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்று சிலரும் பரிசோதனை முடிவுகளோடு கூறியுள்ளனர். இவ்விரு முடிவுகளும் உண்மையாக இருத்தற்கு இடமுண்டு. 1977இலும் 1981இலும் வெளியான ஆராய்ச்சிகள், இப்பூஞ்சாணம் குடிகொண்ட விதைகளில் ஃபோமாப்சிஸ் முதலிய பிற பூஞ்சாணங்கள் குறைவாகவே காணப்படுகின்றன என்று காட்டின. ஃபோமாப்சிஸ் மலிந்த பிரதேசத்தில் ஊதாக்கறை விதை, தன்னைவிடக் கொடிய பகைவனைத் தடுத்து நிறுத்தியதாகவே தோன்றும். அப்பகைவன் இல்லாத பிரதேசத்தில் அதன் சொந்தத் தீங்கு வெளிப்படும். ஒரு பூஞ்சாணத்தின் தீமையை, அதனுடன் அவ்விதையில் வேறு யார் யார் வாழ்கின்றனர் என்பதை ஒதுக்கிவிட்டு மதிப்பிட முடியாதென்பதை இவ்வுதாரணம் போலத் தெளிவாக உணர்த்துவது வேறொன்றில்லை என்றே சொல்லலாம்.

இனி ஏனையவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். கொலெட்டோட்ரைக்கம் ட்ரங்கேட்டம் உண்டாக்கும் ஆந்த்ரக்னோஸ், விதையிலைகளில் குழிந்த கரும்பழுப்புப் புண்களைத் தோற்றுவித்து, மண்ணுக்கு மேல் வருமுன்னரோ வந்த பின்னரோ இளஞ்செடியைச் சாய்க்கும். மேக்ரோஃபோமினா ஃபேசியோலினா, வெப்பமும் வறட்சியும் மிக்க நிலங்களில் கரிப்பொடி தூவினாற்போன்ற கருமணிகளைத் தண்டிலும் வேரிலும் விதையுறையின் வெடிப்புக்களிலும் நிரப்பும். இந்தியாவில் இதற்கு விசேஷ முக்கியத்துவம் உண்டு. அடிச்சாம்பல் நோயைத் தரும் பெரொனோஸ்போரா மன்ஷூரிகா, நுட்பமாகச் சொன்னால் பூஞ்சாண வகுப்பைச் சேராததாயினும், விதைமேல் வெண்ணிறப் படலமாக உறைந்து, குளிர்ந்த மண்ணில் முளைக்கும் இளஞ்செடியின் உடல் முழுவதும் பரவக்கூடியது. ஃபியூசேரிய இனங்கள் எங்கும் காணப்படுகின்றன. அவற்றுள் எவை கொடியவை, எவை சும்மா தங்கியிருப்பவை என்று பிரிப்பது எளிதன்று.

வானிலையே மூலம் என்னும் கட்சி

இரண்டாம் கட்சியினர் விதை கெடும் வரலாற்றைக் காயிலிருந்தே தொடங்குகின்றனர். சோயாச் செடியில் பூஞ்சாணம் காயுறையைப் பருவத் தொடக்கத்திலேயே பற்றியிருக்கக்கூடும். ஆயினும் காய் மஞ்சளித்து விதை முதிர்ச்சியடையும் வரை, அது விதைக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை. முதிர்ந்த பின்னர் மழையும் ஈரப்பதமும் வெதுவெதுப்பும் நீடித்தால், தொற்று விரைந்து ஏறுகிறது. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டெக்ரோனியும் டென்னிஸ் எக்லியும் 1980களில் வெளியிட்ட ஆராய்ச்சிகள், விதை முதிரும் காலத்து மழைக்கும் ஃபோமாப்சிஸ் தொற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை அளந்து காட்டின. முன்னதாக முதிரும் ரகங்களில் தொற்று மிகுவதும், அறுவடை தாமதித்த வயலில் விதை கெடுவதும் இதனால் விளங்குகின்றன.

ஆனால் அதே மழை பூஞ்சாணம் இல்லாமலும் விதையைக் கெடுக்க வல்லது. நனைந்த விதை உப்பி, உலர்ந்தபோது சுருங்கி, மீண்டும் நனைந்து உப்பும் ஒவ்வொரு சுழற்சியிலும் விதையுறை மடிந்து விரிசலடைகிறது. முளைவேருக்கு எதிர்ப்பக்கத்தில் விதையிலைகளின்மேல் விழும் சுருக்கங்கள், உள்ளிருக்கும் திசு இறந்துபோனதற்கு அடையாளமாகும். பிரேசில் தேசத்தின் வெப்பமிக்க பகுதிகளில் விதையுற்பத்தி தொடங்கியபோது இத்தீங்கு பெரிதாக வெளிப்பட்டது. லோந்திரினா நகரிலுள்ள அந்நாட்டு அரசாங்கச் சோயா ஆய்வகத்தில் ஜோசே ஃபிரான்சா நெட்டோ முதலியோர், உயிருள்ள திசுவைச் சிவப்பாக்கும் டெட்ரசோலியம் பரிசோதனையைக் கொண்டு, மழைச் சேதம், இயந்திரச் சேதம், பூச்சிச் சேதம் ஆகியவற்றை விதை விதையாகப் பிரித்தறியும் முறையை வளர்த்தனர்.

இக்கட்சியின் பலவீனம், வானிலையும் பூஞ்சாணமும் எப்பொழுதும் சேர்ந்தே வருவதாகும். மழை பெய்த ஆண்டில் விதையும் சுருங்குகிறது, தொற்றும் ஏறுகிறது; எண்களை வைத்துக் கணக்கிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று காரணம் போலத் தோன்றும். நம் தருக்க நூலார் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று பகுத்துக் காணும் முறை இங்குப் பயன்படுகிறது. மழை துணைக்காரணமாக நின்று விதையுறையைத் திறந்துவிடுகிறது. திறந்த வழியே பூஞ்சாணம் புகுந்து காரியத்தை முடிக்கிறது. சில வேளைகளில் மழையே காரியத்தை முடித்துவிட, பூஞ்சாணம் வெறும் பின்வரவாக அமைகிறது. வைரஸ் நோய் பற்றிய செடிகளின் விதையில் ஃபோமாப்சிஸ் மிகுவதும், பொட்டாஷ் சத்துக் குறைந்த நிலத்தில் அது மிகுவதும் இப்படிப்பட்ட துணைக்காரணங்களின் வரிசையிலேயே வைத்தெண்ணத் தக்கவை.

களஞ்சியத்தில் எழுந்த வாதம்

மாளவ பீடபூமியின் கரிசல் நிலத்தில் ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் விதைக்கப்படும் சோயா, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடையாகிறது. அடுத்த விதைப்புவரை ஏறக்குறைய எட்டு மாதம், கோடையின் கடும் வெப்பம் முழுவதையும் கடந்து, விதை மூட்டைகளில் காத்திருக்கவேண்டும். 1960களில் இலினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு பந்த்நகரிலும் ஜபல்பூரிலும் மஞ்சள் விதை ரகங்கள் புகுத்தப்படுமுன், மத்திய இந்தியாவில் பயிரான காலிதூர் என்னும் கருவிதைச் சோயா நீண்ட நாள் உயிர் தாங்கும் தன்மையால் பெயர் பெற்றது. பெருவிதை மஞ்சள் ரகங்களுக்கு அத்தன்மை வாய்க்கவில்லை. ஆகவே சேமிப்புக் கேடு நம் தேசத்தில் இவ்வினாவின் மிக முக்கியமான பகுதியாகிறது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கிளைட் கிறிஸ்டென்சன், வயற்பூஞ்சாணங்கள் வேறு, களஞ்சியப் பூஞ்சாணங்கள் வேறு என்று பிரித்துக் காட்டியவர். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் ஆகிய களஞ்சியப் பூஞ்சாணங்களே சேமித்த தானியம் முளைப்பிழத்தற்குப் பிரதான காரணம் என்பது அவர் கொள்கை. இதற்கு எதிராக, விதையின் உயிரியக்கத்தை ஆராய்ந்தோர் ஒரு வலுவான தடையை எழுப்பினர். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65-70க்குக் கீழ் இருக்கும்போது இப்பூஞ்சாணங்கள் வளர முடியாது. அத்தகைய காற்றில் சோயா விதையின் ஈரம் 12 விழுக்காட்டுக்குக் கீழ் நிற்கும். அந்த உலர்ந்த நிலையிலும் வெப்பம் மிகுந்தால் விதை முதுமையடைந்து இறக்கிறது. ஈரம் ஒரு விழுக்காடு குறையுந்தோறும், வெப்பம் 5 பாகை குறையுந்தோறும் விதையின் ஆயுள் இரட்டிக்கும் என்று விதை ஆராய்ச்சியாளரான ஹாரிங்டன் கூறிய விதியும், எரிக் ராபர்ட்ஸ் வகுத்த ஆயுட் சமன்பாடுகளும் பூஞ்சாணத்தைக் கணக்கில் கொள்ளாமலே விதையின் வாழ்நாளைப் பெருமளவு சரியாக முன்னறிவிக்கின்றன.

நடுநிலையோடு நோக்கின், உலர்ந்த விதையைப் பொறுத்தவரை உயிரியக்கவாதிகளே வென்றனர் எனல் வேண்டும். மழைக்கால ஈரக்காற்றில் சாக்குமூட்டையில் கிடக்கும் விதையைப் பொறுத்தவரை கிறிஸ்டென்சனின் கூற்று இன்றும் வலிவுடையது. விதையின் வீரியத்தை அறிய உலகெங்கும் பயன்படும் விரைவு முதுமைப் பரிசோதனையில், 41 பாகை வெப்பத்திலும் ஏறத்தாழ முழு ஈரப்பதத்திலும் சோயா விதை 72 மணி நேரம் வைக்கப்படுகிறது. அதே வெப்பமும் ஈரமும் சில பூஞ்சாணங்களுக்கும் உவப்பானவை. எனவே அப்பரிசோதனையில் தோற்ற விதை, முதுமையால் தோற்றதா பூஞ்சாணத்தால் தோற்றதா என்னும் பழைய சம்சயம் அங்கும் முழுவதும் நீங்குவதில்லை.

முளைப்புப் பரிசோதனை எதை அளக்கிறது?

இவ்வாராய்ச்சி வரலாற்றில் மிகவும் சிந்தனைக்குரிய பகுதி இதுவே. விதிமுறைப்படி ஈரத் தாளில் சுருட்டி, 25 பாகை வெப்பத்தில் எட்டு நாள் வைத்து எண்ணும் முளைப்புப் பரிசோதனையில், ஃபோமாப்சிஸ் மலிந்த விதைக் குவியல் மிகத் தாழ்ந்த முளைப்பைக் காட்டுகிறது. அதே விதையை மணலிலோ நல்ல ஈரமுள்ள மண்ணிலோ இட்டால், எதிர்பாராத அளவுக்கு மிகுதியாக முளைத்தெழுகிறது. பிரேசிலில் அடெமிர் ஹென்னிங்கும் ஃபிரான்சா நெட்டோவும், அமெரிக்காவில் பலரும் இம்முரணைக் கண்டு விளக்கினர். சோயா முளைக்கும்போது விதையிலைகளைத் தாங்கிய தண்டு வளைந்து நிமிர்ந்து மண்ணைக் கிழித்து மேலெழுகிறது. தொற்றுண்ட விதையுறையோ மண்ணுக்குள்ளேயே கழன்று தங்கிவிடுகிறது. தாள் சுருளில் உறை கழன்று விலக இடமில்லை. ஈரத்தில் முளையோடு ஒட்டிக்கிடந்து முளையையும் அழிக்கிறது, அண்டையிலுள்ள நல்ல விதைக்கும் தொற்றைக் கடத்துகிறது.

இரண்டாவது முரண் இதனினும் விசேஷமானது. சேமிப்பில் காலம் செல்லச் செல்ல விதையின் முளைப்புக் குறையவேண்டும் என்பது பொது நியாயம். ஃபோமாப்சிஸ் பற்றிய குவியல்களிலோ சில மாதச் சேமிப்புக்குப் பின் முளைப்பு உயர்ந்து காணப்படுகிறது. விதை முதுமையடையும் வேகத்தைவிட, விதையுறைக்குள் உள்ள பூஞ்சாணம் இறந்துபடும் வேகம் மிகுதி என்பதே இதற்கு விளக்கம். இது 1960களிலிருந்தே கவனிக்கப்பட்டு வந்த உண்மை. ஆகவே அறுவடை முடிந்தவுடன் நடக்கும் பரிசோதனையில் தள்ளப்பட்ட குவியல், விதைப்புக் காலத்தில் ஏற்கத்தக்கதாக இருந்திருக்கலாம். சான்றளிக்கும் அதிகாரிகள் விதி தவறினர் என்பது இதன் பொருளன்று. அவர்கள் கைக்கொண்ட அளவுகோல் வேறொரு கேடு நிறைந்த விதைக்கு வகுக்கப்பட்டது என்பதே பொருள்.

இக்கருத்தை எல்லை கடந்து நீட்டுவதும் தவறாகும். வெதுவெதுப்பான, ஈரமுள்ள, விரைந்து முளைப்பைத் தூண்டும் மண்ணுக்கே இது பொருந்தும். குளிர்ந்த மண்ணிலோ, இறுகிப் பொருக்கு விழுந்த மண்ணிலோ, மழை விட்டுவிட்டுப் பெய்யும் பருவத்திலோ முளை தாமதிக்கும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பூஞ்சாணத்துக்குச் சாதகமான நாள். அந்நிலையில் தாள் பரிசோதனை எச்சரித்த தீங்கு வயலிலும் பிரத்தியட்சமாகிவிடுகிறது.

நாற்றிலிருந்து மகசூல் வரை

இளஞ்செடி குறைந்தால் மகசூல் குறையும் என்று எளிதாகக் கூறிவிட இயலாது. சோயாச் செடி இடம் கிடைத்தால் கிளைத்துப் பரவி, அண்டையில் இல்லாத செடியின் பங்கைத் தானே ஈடு செய்யும் இயல்புடையது. ஆதலின் செடித்தொகையில் ஓரளவு குறைவு மகசூலைத் தொடாமல் போகலாம். இடைவெளிகள் கூட்டமாக அமைந்து களை புகுந்த வயலில் இவ்வீடு நடவாது. மானாவாரியாக, களை நிறைந்த மழைப்பருவத்தில் பயிரிடும் உழவனுக்கு, நலிந்து தாமதமாக எழும் நாற்று, நன்னிலத்தில் காட்டுவதைவிடப் பெரிய நஷ்டத்தைத் தரும் என்று கருத இடமுண்டு.

விதையிலிருந்து அடுத்த பயிருக்கு நோய் கடத்தப்படுவதிலும் இத்தகைய நிதானம் வேண்டும். ஆண்டுதோறும் சோயா விளையும் வயலில் பழைய தட்டையிலேயே ஃபோமாப்சிஸ் தங்கியிருப்பதால், விதை கொண்டுவரும் தொற்று அங்கே சிறு பங்கேயாகும். நோயே இல்லாத புதுநிலத்துக்கு விதை செல்லும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. பிரேசிலில் 1988-89 பருவத்தில் பரானா, மாட்டோ குரோசோ ஆகிய மாநிலங்களில் கண்டறியப்பட்ட தண்டுப்புற்று நோய், சில ஆண்டுகளில் அந்நாட்டின் பெரும் பகுதிக்குப் பரவிப் பேரழிவு செய்தது. அவ்வளவு தொலைவை அது கடந்ததில் விதைக்குப் பங்குண்டு என்று கொள்ளப்படுகிறது. விதையில் தொற்று மிகச் சிறிய விகிதமாயினும், தூரத்தை அது பொருட்படுத்துவதில்லை.

விதை நேர்த்தியும் ரகத் தேர்வும்

1930களில் தோன்றிய திரம், அதன்பின் வந்த காப்டான், 1966இல் விதைக்குள் ஊடுருவும் தன்மையோடு அறிமுகமான கார்பாக்சின், பின்னர் கார்பென்டாசிம் முதலிய மருந்துகள் விதைவழிப் பூஞ்சாணத்துக்கு எதிரான பிரதான கருவிகளாயின. இந்தியாவில் ஒரு கிலோ விதைக்குத் திரம் 2 கிராமும் கார்பென்டாசிம் 1 கிராமும் கலந்து நேர்த்தி செய்வது நெடுங்காலப் பரிந்துரை. டிரைக்கோடெர்மா என்னும் நற்பூஞ்சாணத்தைப் பயன்படுத்துவதும் அதற்கு இணையாக வளர்ந்து வருகிறது. வேர்முடிச்சுப் பாக்டீரியாவைச் சில மருந்துகள் பாதிப்பதால், மருந்து நேர்த்தியை முதலிலும் ரைசோபியம் நேர்த்தியை விதைக்குந் தருவாயிலும் செய்யுமாறு கூறுவர்.

மருந்து நேர்த்தி ஒரு பரிகாரம் மட்டுமன்று. நம் வினாவுக்கு அது ஓர் உரைகல்லுமாகும். நேர்த்தி செய்தபின் முளைப்பு உயர்ந்தால் பூஞ்சாணம் காரணமாக இருந்தது என்பது உறுதி. முதுமையாலோ இயந்திர அடியாலோ கெட்ட விதை எந்த மருந்தாலும் தேறுவதில்லை. ஆனால் முளைப்பு உயராமையைக் கொண்டு பூஞ்சாணத்தைக் குற்றமற்றதென விடுவித்தல் கூடாது. கருவை முன்பே அழித்துவிட்ட பூஞ்சாணத்தைக் கொன்றாலும் கரு உயிர்பெறாதன்றோ? ஆராய்ச்சியாளர் சிலர் இவ்வெதிர்மறை முடிவை அளவுக்கு மீறி நம்பியுள்ளனர் என்றே தோன்றுகிறது.

ரகங்களின் எதிர்ப்புத் திறன் இன்னும் நிலையான வழியாகத் தெரிகிறது. அமெரிக்க வித்துச் சேகரிப்பிலுள்ள பி.ஐ. 417479, பி.ஐ. 80837 ஆகிய வகைகள் ஃபோமாப்சிஸ் அழுகலைத் தாங்குவனவாகக் கண்டறியப்பட்டன. பின்னது ஊதாக்கறையையும் எதிர்ப்பது. நீர் எளிதில் புகாத கடின விதையுறையும் தொற்றைக் குறைக்கிறது. அவ்வுறையே சமமாக முளைத்தெழுவதைத் தடுப்பதாலும், ஆலைகளுக்கு ஒவ்வாததாலும், பயிர்ப்பெருக்க நிபுணர் அதனைத் தயக்கத்தோடே கையாளுகின்றனர்.

தீராது நிற்பவை

இதுவரை கூறியவற்றால், தொற்று எந்த இனத்தது, விதையின் எப்பகுதியில் தங்கியுள்ளது, எப்பருவத்தில் புகுந்தது, எத்தகைய மண்ணில் அவ்விதை முளைக்கிறது என்னும் நான்கையும் அறியாமல், விதைவழிப் பூஞ்சாணம் இவ்வளவு தீங்கு செய்யும் என்று பொதுவாக ஓர் எண்ணைக் கூறுவது சாஸ்திர முறையாகாது என்று துணியலாம். இவற்றுள் முதலாவதே இப்பொழுது ஆட்டங் கண்டிருக்கிறது. உயிரணுவின் மரபுப்பொருளைப் படிக்கும் புதிய முறைகளால், செர்கோஸ்போரா கிகுச்சி என்று ஒரே பெயரால் வழங்கியது பல இனங்களின் கூட்டமென்று தெரியவந்துள்ளது. டயபார்த்தே குலத்திலும் அவ்வாறே. 1970களிலும் 1980களிலும் நடந்த முளைப்புப் பரிசோதனைகளில் எந்த இனம் இருந்தது என்பதை இனி முழுவதும் மீட்டறிய இயலாமையால், அக்காலத்து முரண்பாடுகளுள் எவை உண்மையான முரண்கள், எவை பெயர்க் குழப்பத்தால் எழுந்தவை என்பது பிரச்சினையாகவே நிற்கிறது.

அறிகுறி ஏதும் காட்டாது விதைக்குள் வாழும் எண்ணற்ற பூஞ்சாணங்களின் நிலையும் அவ்வாறானதே. அவற்றுள் சில இளஞ்செடிக்கு நன்மை செய்யலாம் என்னும் கருத்து இப்பொழுது வலுப்பெற்று வருகிறது. ஊதாக்கறைப் பூஞ்சாணம் ஃபோமாப்சிஸைத் தடுத்த வரலாற்றை நோக்கினால் அதனை அலட்சியப்படுத்துவதற்கில்லை. எல்லாவற்றையும் ஒருங்கே அழிக்கும் மருந்து நேர்த்தி, நல்லவற்றையும் அழித்து நஷ்டம் விளைக்கிறதா என்பதற்கு வயலளவில் போதிய சான்று இன்னும் சேரவில்லை.

எத்தனை விழுக்காடு தொற்றுவரை ஒரு விதைக் குவியலை விதைக்கலாம் என்னும் எல்லையே உழவருக்கும் விதை உற்பத்தியாளருக்கும் மிகவும் வேண்டிய விடை. கென்டக்கியின் இலையுதிர்கால மழையிலும் பரானாவின் வெப்பத்திலும் பெற்ற எண்களை, கோடையைக் கடந்து வந்த விதையைக் கரிசலில் முதல் மழைக்கு இடும் மாளவத்துக்கு அப்படியே பொருத்துவதற்கு ஆதாரமில்லை. இனம் திட்டமாக அறியப்பட்ட பூஞ்சாணத்தைத் தாங்கிய விதையையும், அதே வயலில் விளைந்த தொற்றில்லா விதையையும், தாளிலும் மணலிலும் கரிசலிலும் அருகருகே இட்டு, அறுவடை முடிந்ததும் ஒருமுறையும் விதைப்புக்கு முன் ஒருமுறையுமாகப் பல பருவங்கள் அளந்து வந்தாலன்றி, அவ்வெல்லையை நிர்ணயிக்க வேறு மார்க்கம் இருப்பதாகத் தோன்றவில்லை.